உள்ளே மாசி மாதம்

வைகுண்டராஜன் அண்ணனின் மீன் ஷெட்டில் ஊருக்கு முன்பே இருட்டிவிடும். கொட்டாரத்து வயல்களின் மேல் வெயில் இன்னும் மஞ்சளாகக் கிடக்கும்போதே உள்ளே சுவரிலிருக்கும் டைமர் ‘டக்’ என்று ஒரு சத்தம் போடும். விளக்குகள் அணையும். தொட்டிகளில் விரால்கள் ஒருமுறை புரண்டு அடங்கும். நான் கறுப்புத் தார்ப்பாய்த் திரையைத் தடவி விலக்கிக் கதவைத் திறந்து வெளியே வந்தால், அங்கே பகல் பாக்கி இருக்கும். முக்கால் மணி நேரமாவது இருக்கும். அந்த மீதிப் பகல் எனக்குப் பிடிக்கவில்லை. ஓர் இரவைக் கடந்த பிறகும் அதே நாளுக்குள் திரும்ப வந்து நிற்பதுபோல் இருந்தது.

நான் அங்கே வேலைக்குச் சேர்ந்தது சித்திரையில். அதற்கு முந்தைய ஆனியிலேயே வைகுண்டராஜன் அண்ணன் இறந்துபோயிருந்தார். நான் அவரைப் பார்த்ததில்லை. அவருடைய தம்பி முருகதாஸ் ஷார்ஜாவில் இருக்கிறார். விலங்கியல் படித்த ஒரு பெண் வேண்டும் என்று அவர் என் கல்லூரி மிஸ்ஸிடம் கேட்க, மிஸ் என் பெயரைச் சொல்லிவிட்டு, ஆனால் ஷிஜி வாயே திறக்க மாட்டாள் என்றும் சேர்த்துச் சொல்லியிருக்கிறார். அதற்கு முருகதாஸ் அண்ணன், “மீனு அதுக்கு வெசனப்படாது” என்றாராம். அப்படித்தான் கோட்டாற்றிலிருந்து தினமும் பஸ் ஏறி வர ஆரம்பித்தேன்.

ஷெட்டை ஒட்டிய வீட்டில் அண்ணனின் மனைவி முத்துக்கனி அக்கா மட்டும் இருந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும். மீனுக்குத் தீவனம் போடுவது, தொட்டி கழுவுவது எல்லாம் அவள்தான். நான் வந்தது சினை பார்க்கவும், பருவம் வந்தால் ஊசி போடவும்.

அண்ணன் அந்த ஷெட்டில் ஒரு வேலை செய்து வைத்திருந்தார். எல்லோருடைய விரால்களும் ஆனி மழைக்கு முட்டையிடும். குளங்கள் நிரம்புவதோ ஐப்பசியில். ஐப்பசியில் குஞ்சு கிடைத்தால் நல்லது என்று அவர் ஷெட்டுக்குள் வெளிவெளிச்சம் ஒரு கோடுகூட வராமல் அடைத்து, டைமரை வைத்து, மீன்களின் வருடத்தை நான்கு மாதம் பின்னால் தள்ளிவிட்டார். காலையில் விளக்கு எரிவது எப்போதும் ஒரே நேரம். பகல் நீளும் மாதங்களில் அணைவதை மட்டும் வாரத்துக்குச் சில நிமிடம் கூட்டிக்கொண்டே போவார். அப்படி வெளியே ஆனியாக இருந்தபோது உள்ளே மாசி. அந்த ஆனியில்தான் அவர் இறந்தார். பிறகு டைமரை யாரும் தொடவில்லை. ஏறக்குறைய ஒரு வருடமாக உள்ளே மாசியாகவே இருந்தது.

எங்கள் பக்கத்தில் வருடத்தின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் ஒரு மணி நேரம்தான் வித்தியாசம். மனிதர்கள் அதைக் கவனிப்பதில்லை. மீன் கவனிக்கும். அதன் தலையின் உச்சியில் எலும்பு மெலிந்த ஓர் இடம் உண்டு. அதன் கீழே பீனியல் சுரப்பி. கண் இல்லாவிட்டாலும் வெளிச்சம் அந்த வழியாக உள்ளே போகும். இருட்டு நீடிக்கும்வரை மெலடோனின் சுரக்கும். இரவுகள் சிறுத்துக்கொண்டு வந்தால் அதுவும் குறையும். அப்போது மூளை பிட்யூட்டரிக்குச் சொல்லும், பிட்யூட்டரி ரத்தத்தின் வழியே சினைப்பைக்குச் சொல்லும். முட்டை வளரும். இதைப் பரீட்சையில் படம் வரைந்து எழுதியிருக்கிறேன். உச்சந்தலையில் மூட முடியாத ஒரு கண் இருப்பது பயப்பட வேண்டிய விஷயம் என்று அந்த ஷெட்டில் நின்றபோதுதான் தோன்றியது.

முருகதாஸ் அண்ணன் போனில் தெளிவாகச் சொல்லிவிட்டார். அண்ணனுக்கு வருடம் நிறைவதற்கு அவர் ஊருக்கு வருவார். அவர்கள் கும்பிடும் தாங்கலில் ஊருக்குச் சோறு போட்டு அன்னதர்மம் வைக்க வேண்டும். அதற்குள் ஒரு தொட்டியிலாவது குஞ்சைப் பார்த்தால் ஷெட்டைத் தொடர்ந்து நடத்தலாம். இல்லையென்றால் இடித்துவிட்டு ரெண்டு கடமுறி கட்டிக் கடைகளுக்கு வாடகைக்கு விட்டுவிடலாம். போன் ஸ்பீக்கரில் இருந்தது. அக்கா அரிசி களைந்துகொண்டிருந்தாள். “கடமுறியா” என்று மட்டும் கேட்டாள். 

ஐப்பசிவரை காத்திருக்க நேரமில்லை. உள்ளே மாசியை நகர்த்தினால்தான் சினை பிடிக்கும். டைமரில் ஒரு பித்தானை அமுக்கினால் ஒரு நிமிடம் கூடும், இன்னொன்றை அமுக்கினால் ஒரு நிமிடம் குறையும். நான் ஐந்து நிமிடம் கூட்டிவிட்டுப் போனேன். மறுநாள் விளக்கு பழைய நேரத்துக்கே அணைந்தது. பேட்டரி போயிருக்கும் என்று நினைத்துப் புதிது வாங்கிப் போட்டு மறுபடி கூட்டினேன். மறுபடியும் பழைய நேரம். ஷெட்டின் சாவி என்னிடம் ஒன்றும் அக்காவிடம் ஒன்றும்தான் இருந்தது. கேட்பதற்கு எனக்கு இரண்டு நாள் ஆயிற்று.

அக்கா தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். டைமரை யாரோ குறைக்கிறார்கள் என்றேன்.

“அவிய மாத்தியிருப்பாவ,” என்றாள்.

செத்துப்போன அண்ணனைச் சொல்கிறாள். விளையாட்டுக்கு என்று நினைத்துச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. துருவி முடித்து, சிரட்டையைத் தட்டி வைத்துவிட்டு, சாப்பிட்டுவிட்டுப் போ என்றாள்.

அதன் பிறகு தொட்டிகளுக்கு நடுவில் நடக்கும்போது பின்னால் பார்க்க ஆரம்பித்தேன். படித்த பெண் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். ஆனால் அந்த இடத்தில் வெளியே இருக்கும் நாளும் தெரியாது, மாதமும் தெரியாது. காற்று வராது. மோட்டார் குமிழ் விடும் சத்தம் மட்டும். அதற்குள் நின்றுகொண்டு ஒருவர் இல்லை என்று எதைப் பார்த்துச் சொல்வது?

ஒருநாள் பஸ் ஸ்டாப் வரை போனபின் போனை ஷெட்டிலேயே வைத்துவிட்டது நினைவு வந்தது. திரும்பி வந்தேன். வெளியே நல்ல வெளிச்சம். ஷெட்டுக்குள் விளக்கு அணைந்திருக்க வேண்டிய நேரம். கதவின் அருகில் போனதும் உள்ளே அக்காவின் குரல் கேட்டது. தாழ்ந்த குரல். ஒரு வாக்கியம் பேசினாள். நிறுத்தினாள். பிறகு இன்னொரு வாக்கியம். நடுவில் வேறு குரல் எதுவும் கேட்கவில்லை. ஆனால் அந்த நிறுத்தங்கள் ஒவ்வொன்றும் ஓர் ஆள் பதில் சொல்ல எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் இருந்தன. போனை எடுக்காமலே வீட்டுக்குப் போய்விட்டேன்.

மறுநாள் டைமரை மறுபடி கூட்டிவிட்டு, போய்விட்டதுபோல் செருப்பை எடுத்துக்கொண்டு, கடைசித் தொட்டியின் பின்னால் உட்கார்ந்தேன். வீரத்தால் அல்ல. தெரியாமல் இன்னொரு நாள் அங்கே வேலை பார்க்க முடியாது என்பதால். விளக்கு அணைந்தது. கொஞ்ச நேரத்தில் திரை அசைந்தது. டார்ச் இல்லாமல் ஒருவர் தொட்டிகளின் நடுவே எதிலும் இடிக்காமல் நடந்து வந்தார். டைமரின் சிவப்பு எண்களுக்கு முன்னால் ஒரு கை வந்தது. அக்காவின் கண்ணாடி வளையல். பித்தான் ஐந்து முறை டிக் டிக்கென்றது. பிறகு அவள் கவிழ்த்து வைத்திருந்த வாளியின்மேல் உட்கார்ந்தாள்.

“தேயில ஆறிப்போச்சு,” என்றாள் இருட்டைப் பார்த்து. “ஒரு விளி விளிச்சா என்ன?”

என் முழங்கால் தொட்டியில் பட்டுவிட்டது.

“யாரு?”

அந்தக் குரலில் பயம் இல்லை. ஆசை இருந்தது.  நான்தான் அக்கா என்றேன்.  “நீயா” என்றாள்.

திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் அண்ணன் இறந்த நாளைச் சொன்னாள். விளக்கு அணைந்ததும் அண்ணன் உடனே வெளியே வரமாட்டாராம். இருட்டில் மீன் அடங்கும்வரை உட்கார்ந்து கேட்டுவிட்டுத்தான் வருவாராம். அன்றும் அப்படித்தான் என்று அவள் தேநீர் போட்டு மூடி வைத்திருக்கிறாள். அடுக்களை ஜன்னல் வழியாக ஷெட்டின் கதவு தெரியும். கதவைப் பார்த்துக்கொண்டே பயறு உடைத்திருக்கிறாள். ஆனால் அவர் அன்று அவள் ஜன்னலுக்கு வருமுன்பே வெளியே வந்து பின்பக்கம் போயிருக்கிறார். அங்கே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்திருக்கிறார். ஊர் இருட்டின பிறகுதான் அவள் தேடிப் போனாள்.

“அந்த நேரம் முழுக்க அவிய எனக்கு உள்ளதான் இருந்தாவ, கேட்டியா,” என்றாள். “வெளிய கெடக்காவன்னு எனக்குத் தெரியாதுல்லா. அப்போ உள்ளதான இருந்தாவ?”

நான் தொட்டியின் பின்னாலிருந்து எழுந்து வந்தேன்.

“செத்துப்போனாவன்னு எனக்குத் தெரியும் ஷிஜி. எனக்குக் கிறுக்கு ஒண்ணும் இல்ல. வெளிய ஆனி வந்துட்டுப் போச்சு. திரும்பவும் வரும். இங்க இன்னும் வரல. வரவும் வேண்டாம்.”

முருகதாஸ் அண்ணன் கடமுறி கட்டுவார் என்று மெதுவாக நினைவுபடுத்தினேன்.

“குஞ்சு வரணும்னா இங்க ஆனி வரணும். வந்தா அவிய போயிருவாவ. குஞ்சு வரல்லன்னா ஷெட்டே போவும். ரெண்டுல ஒண்ணு நீயே சொல்லு. படிச்ச பிள்ளதான.”

 அன்றிலிருந்து நான் டைமரைத் தொடவில்லை. தொட்டி கழுவினேன், தண்ணீர் மாற்றினேன், விளக்கு அணைந்ததும் ஷெட்டை அவளுக்கு விட்டுவிட்டுப் பஸ் ஏறினேன். வைகாசி நடந்துகொண்டிருந்தது. முருகதாஸ் அண்ணன் போன் செய்து கேட்கும்போதெல்லாம் இன்னும் சினை பிடிக்கவில்லை என்றேன். அது பொய் இல்லை என்றுதான் நம்பினேன். மாசியில் எப்படிப் பிடிக்கும்?

பிறகு ஒருநாள் ஒரு பெண் மீனைக் கைவலையில் எடுத்தபோது வலை கனத்தது. வயிறு இரண்டு பக்கமும் புடைத்திருந்தது. மெல்லிய குழாயைச் செலுத்திக் கொஞ்சம் முட்டை எடுத்து வெள்ளைத் தட்டில் விட்டுப் பார்த்தேன். நல்ல மஞ்சள். முதிர்ந்த முட்டை. அடுத்த மீனிலும் அப்படியே. அதற்கடுத்ததிலும். பாடப் புத்தகத்தில் ஒரு சின்னப் பத்தி உண்டு. சில மீன்களை வெளிச்சமும் இருட்டும் மாறாத அறையில் அடைத்து வைத்தாலும், அவை தம் பருவத்தை வருடம் திரும்புவதற்குள், சில சமயம் பல மாதம் முன்னதாகவே, அடைந்துவிடும். உள்ளே அவற்றுக்கு ஒரு வருடம் தனியாக ஓடுகிறது. கேள்வித்தாளில் ஒருபோதும் வராத பத்தி என்பதால் நாங்கள் அதை விட்டுவிடுவோம்.

அக்காவிடம் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. நான் தயங்கிய நாட்களில் ஒரு பெண் மீன் செத்து மிதந்தது.

துணி துவைக்கும் கல்லில் வைத்து அதை அறுத்தேன். உள்ளே முட்டை வெளியேற வழியில்லாமல் கட்டிப்போய், வெளுக்கத் தொடங்கியிருந்தது. நிமிர்ந்தால் அக்கா நின்றுகொண்டிருந்தாள்.

“மாசியில ஏதுட்டி சினை?” என்றாள்.

சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது. விளக்கு சொல்லாவிட்டாலும் மீனுக்கு வருடம் தெரியும் என்றேன். வெளிச்சம் அந்த வருடத்துக்கு நேரம் திருத்திக் கொடுக்கும், அவ்வளவுதான், நிறுத்தாது. முட்டை தயாராகிவிட்டது. ஆனால் விடுவதற்குக் கடைசியாக ஓர் உத்தரவு பிட்யூட்டரியிலிருந்து வரவேண்டும். மழை, புதுத் தண்ணீர், எதுவும் இல்லாததால் அது வரவில்லை. ஊசியில் இருக்கும் ஹார்மோன் அந்த உத்தரவைப் போடவைக்கும். போடாவிட்டால் மற்றவையும் இப்படித்தான் ஆகும். கடைசியில், “டைமரத் தொட வேண்டாம் அக்கா,” என்றேன். “ஊசி மட்டும் போதும். உள்ள மாசியாவே இருக்கட்டும். முருகதாஸ் அண்ணனுக்குக் குஞ்சும் கெடைக்கும்.”

அவளிடம் நான் அவ்வளவு பேசியது அதுதான் முதல் தடவை.

அக்கா குனிந்து கல்லிலிருந்த முட்டைகளைத் தண்ணீர் ஊற்றிக் கழுவினாள். அவை வாழை மரத்தின் அடிப்பக்கமாக ஓடின. கல் சுத்தமான பிறகும் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

“அதுவ எல்லாம் மாசிய விட்டுப் போயாச்சு,” என்றாள். “என்னட்ட சொல்லவும் இல்ல. நான் மட்டும் மாசியில இருந்து என்ன செய்ய?”

ஊசி போட்ட மறுநாள் முட்டைகள் எண்ணெய்ப் படலம்போல் மிதந்ததையும், பிறகு கறுப்பாகக் குஞ்சு திரண்டதையும், முருகதாஸ் அண்ணன் வந்து தொட்டியை வீடியோ எடுத்ததையும் விரிவாகச் சொல்ல ஒன்றுமில்லை. நான் சொல்ல வேண்டியது அந்தச் சாயங்காலத்தை.

ஊசி மருந்து வீட்டு ஃபிரிட்ஜில் தோசை மாவுக்குப் பின்னால் இருந்தது. அக்கா அண்ணனின் பழைய வேட்டித் துண்டை நனைத்து, ஒவ்வொரு மீனாகத் தலையை மூடிப் பொத்திப் பிடித்தாள். தலை மூடினால் மீன் அடங்கும். அது அவளுக்குப் பழகிய வேலை. நான் முதுகுத் துடுப்பின் பக்கத்தில் ஊசி போட்டேன். பெண்ணையும் ஆணையும் ஜோடியாக்கி ஆகாயத்தாமரை மிதந்த தொட்டியில் விட்டோம். வேலை முடிந்ததும் அவள் கையைத் துடைத்துக்கொண்டு டைமரின் முன்னால் போய் நின்றாள்.

பித்தானை அமுக்கினாள். டிக். நின்றாள். மறுபடி அமுக்கினாள். நான் எண்ணவில்லை. அவள்தான் ஒவ்வொரு நிமிடத்திலும் அவரோடு இருந்த ஏதோ ஒரு நாளைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தாள். மாசி இருபதுக்குச் சாமிதோப்புக்கு ஊர்வலத்தில் நடந்து போனபோது அவருக்குச் செருப்பு அறுந்தது. பங்குனியில் கோட்டாற்றுக் கடையில் மிக்சி வாங்கப் போய், வாங்காமல், பொரித்த மீன் தின்றுவிட்டு வந்தது. சித்திரையில் ஒரு சண்டை. பேசாமல் இருந்த நாட்களை அவள் வேகமாக அமுக்கிக் கடந்தாள். எதற்குச் சண்டை என்பது மறந்துவிட்டது என்றாள். வைகாசியில் தொட்டிகளுக்குப் பெயின்ட் அடித்து, தலைமுடியெல்லாம் நீலமாகி, குளித்தும் போகாமல் அப்படியே ஒரு கல்யாணத்துக்குப் போய் உட்கார்ந்தது. இதைச் சொல்லும்போது லேசாகச் சிரித்தாள். பிறகு விரல் நின்றுவிட்டது.

“இனி ஒண்ணுதான் இருக்கு,” என்றாள். “நீ அமத்து.”

மாட்டேன் என்று தலையை ஆட்டினேன். அவள் நகர்ந்து எனக்கு இடம் விட்டாள். பித்தான் அவள் விரல் பட்டுச் சூடாக இருந்தது. அமுக்கினேன்.

அவள் வாளியின்மேல் உட்கார்ந்தாள். நான் சுவரோடு நின்றேன். விளக்கு எப்போதும் அணையும் நேரம் வந்தது. அணையவில்லை. மீன்கள்கூட அதை எதிர்பார்த்ததுபோல் ஒருமுறை கலைந்தன. வெளிச்சம் அப்படியே நின்றது. அவள் தினமும் பேசும் பக்கம் திரும்பினாள். வாய் திறந்தது. அங்கே பூசணம் பிடித்த சுவர் இருந்தது. ஓர் ஆணியில் கைவலை தொங்கியது. கீழே சுருட்டிய ஓஸ் குழாய். தீவனச் சாக்கு. எல்லாம் துல்லியமாகத் தெரிந்தது. ஒரு வருடமாக இந்த நேரத்தில் அவள் அந்தச் சுவரைப் பார்த்ததே இல்லை. நான் விளக்கை அணைத்துவிடலாமா என்று நினைத்தேன். சுவிட்ச் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது.

அக்கா எழுந்தாள். “ஏட்டி, வா,” என்றாள்.

ஷெட்டின் பின்பக்கம் கூட்டிப் போனாள். வெளியே மழை மேகம். அதன் கீழே பகல் இன்னும் மிச்சம் இருந்தது. இரண்டாவது தென்னையைத் தாண்டி, தண்ணீர்க் குழாய்க்குப் போகும் வழியில் நின்றாள். நான் தினமும் வாளியோடு மிதித்துப் போகும் இடம்.

“இங்கதான்,” என்றாள். “தல இந்தப் பக்கம்.”

அதன் பிறகு அவள் அங்கே உட்கார்ந்தாள். மண்ணில் உள்ளங்கையை வைத்தாள். எடுக்கவில்லை.  எனக்கு நிற்பதா உட்காருவதா தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அந்தத் தலைப் பக்கத்தை விட்டுத் தள்ளி உட்கார்ந்தேன். திரையை இழுக்காமலும் கதவைச் சாத்தாமலும் வந்திருந்தோம். சுவரின் ஓரத்தைத் தாண்டி, மேகத்தால் மங்கிய முன்பக்க முற்றத்தில் ஷெட்டின் வெளிச்சம் நீளமாக விழுந்திருந்தது. அதற்குள் யாரோ வேலை செய்துகொண்டிருப்பதுபோலத்தான் இருந்தது. நடுவில் ஒருமுறை உள்ளே தண்ணீர் பலமாக அடித்துக்கொண்டது. நான் திரும்பிப் பார்த்தேன். அக்கா திரும்பவில்லை.